காம்ஃப்ரே மோகமும் கரையான்சாவடி மொட்டைமாடியும்

கொஞ்ச நாளாகவே மாடித்தோட்டம் வைத்திருக்கிற மக்கள் மத்தியில் ஒரு செடியின் பெயர் மந்திரம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. காம்ஃப்ரே. இது இல்லாதவன் எல்லாம் ஒரு தோட்டக்காரனா என்கிற ரேஞ்சுக்குப் பேசுகிறார்கள். இதன் வேர் ஆறடி ஆழம் போகுமாம். அடிமண்ணில் இருக்கிற சத்தையெல்லாம் உறிஞ்சி இலைக்குக் கொண்டுவருமாம். இலையை வெட்டிப் போட்டால் தக்காளி காய்த்துத் தள்ளுமாம், ஊறவைத்து ஊற்றினால் உரக்கடைப் பக்கமே போக வேண்டாமாம், அரைத்துப் பூசினால் எலும்பு ஒட்டுமாம், டீ போட்டுக் குடித்தால் மூட்டுவலி பறந்துவிடுமாம். போகிற போக்கைப் பார்த்தால் அடுத்த செமஸ்டரில் என் அரியரையும் அதுவே கிளியர் பண்ணிக் கொடுத்துவிடும் போலிருக்கிறது :-)

எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டு மாடியில் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஆன்லைனில் வாங்கினார். விரல் நீளத்துக்கு நான்கு வேர்த்துண்டு, கூரியரோடு சேர்த்து 480 ரூபாய். கூடவே ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. அந்தச் சீட்டுக்குப் பிறகு வருகிறேன். என் கோபத்தில் முக்கால்வாசி அதன் மேல்தான்.

நான் பி.காம் படிக்கிறவன். தாவரவியல் எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் காம்ஃப்ரே கதையைப் புரிந்துகொள்ள தாவரவியலைவிட அக்கவுண்டன்சிதான் கைகொடுக்கும் என்பது என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தச் செடியின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், சுவாரசியமான ஜாதகம்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் காக்ஸ்ஹால் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹென்றி டபுள்டே (1810–1902) என்று ஒரு குவேக்கர் இருந்தார். தபால்தலைக்குப் பின்னால் தடவுகிற கோந்து தயாரிப்பது அவருக்குத் தொழில். காம்ஃப்ரே வேரில் வழவழவென்று ஒரு பசை இருக்கிறது அல்லவா, அதிலிருந்து கோந்து எடுக்கலாம் என்று 1870களில் ரஷ்யாவிலிருந்து செடிகளை வரவழைத்தார். கோந்து வரவில்லை. வந்த செடி மட்டும் தளதளவென்று வளர்ந்தது. மனுஷன் கோந்தை விட்டுவிட்டுச் செடியைப் பிடித்துக்கொண்டார், கடைசிவரை அதை மாட்டுத் தீவனமாகவும் மனித உணவாகவும் வளர்த்துப் பார்த்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1954ல், லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் பாக்கிங் என்ற ஊரில் நிலம் எடுத்து காம்ஃப்ரேயில் பலவகைகளைச் சேகரித்து நம்பர் போட்டு ஆராய்ந்தார். டபுள்டே பெயரிலேயே ஒரு சங்கமும் தொடங்கினார். அந்தப் பட்டியலில் 14ஆம் நம்பர்தான் இன்று உலகம் முழுக்க விற்கிற 'பாக்கிங் 14'. இந்த ரகம் முளைக்கிற விதை வைக்காது. வேர்த்துண்டு வாங்கினால்தான் உண்டு. விற்கிறவர்களுக்கு நல்ல பிசினஸ் மாடல்.

ஹில்ஸ் முட்டாள் இல்லை, டபுள்டேயும் இல்லை. அவர்கள் ஊருக்கு அது நல்ல விடை. வருஷம் முழுக்கத் தூறல். ஆழமான மண், அதற்குக் கீழே அடிமண். வெயில் என்றாலே அவர்களுக்கு 25 டிகிரி. அங்கே குளிர்காலத்தில் செடி மேலே கருகினாலும் வேர் உயிரோடு இருந்து வசந்தத்தில் மறுபடி கிளம்பும், வருஷத்துக்கு நாலைந்து தடவை அறுத்துப் போடலாம். பண்ணைச் சாணம் கிடைக்காத வீட்டுத் தோட்டக்காரனுக்கு அது பெரிய விஷயம்தான்.

இப்போது அதைத் தூக்கிக்கொண்டு வந்து கரையான்சாவடியில் வையுங்கள். மெட்ரோ தூண்களுக்கும் ஆவடி ரோட்டுப் புழுதிக்கும் நடுவில் ஒரு இரண்டு மாடி வீடு. அதன் மொட்டைமாடி. கத்திரி வெயிலில் 40ஐத் தாண்டும்போது அந்தத் தளத்தில் வெறும் காலோடு நிற்க முடியாது. சென்னை வட்டாரத்துக்கு வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் போல மழை கிடைக்கிறது, இங்கிலாந்தின் பல ஊர்களைவிட அதிகம். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். ஜனவரியிலிருந்து மே வரை வானம் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. காம்ஃப்ரேயோ அகன்ற மெல்லிய இலைக்காரி, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கார்த்திகையில் பையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், சித்திரையில் பதினொரு மணிக்கே இலை தொங்கிவிடும். தரையில், நல்ல நிழலில், தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தண்ணீர்? 2019 ஜூனில் பக்கத்திலிருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியே தரை தெரிய வறண்டு கிடந்ததையும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றதையும் மறந்துவிட்டோமா? அந்த மாதிரி ஒரு வருஷம் மறுபடி வந்தால் முதலில் குடிக்கிறது யார், பாட்டியா பாக்கிங் 14ஆ?

சரி, மேட்டருக்கு வருவோம். காம்ஃப்ரேயின் புகழ் எல்லாம் அந்த ஆறடி வேரில் இருக்கிறது. மற்ற செடிகளுக்கு எட்டாத அடிமண்ணில் சத்து இருக்கிறது, இது போய் அதைத் தூக்கிவருகிறது, நாம் இலையை அறுத்து மேல்மண்ணில் போடுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது மாடிக்கு வாருங்கள். பையின் உயரம் ஒரு அடி. உள்ளே இருப்பது தென்னை நார்க்கழிவும் கொஞ்சம் தொழுஉரமும். (2013-14ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் ஆரம்பித்தபோது கொடுத்த பைகளும் நார்க்கழிவு போட்டதுதான்.) ஒரு அடிக்குக் கீழே என்ன இருக்கிறது? பாலிதீன். அதற்குக் கீழே சிமெண்ட் தளம். அதற்குக் கீழே எங்கள் வீட்டு ஹால். ஆறடி வேர் போனால் ஃபேன் கொக்கியில்தான் போய் நிற்கும்.

பையில் அடிமண்ணே கிடையாது மக்களே. பை என்பது மூடிய லெட்ஜர். அதற்குள் நீங்கள் போட்ட சத்துதான் இருக்கும், போடாதது எங்கிருந்தும் வராது. தக்காளிப் பைக்கு ஒரு கிலோ மண்புழு உரம், காம்ஃப்ரே பைக்கு ஒரு கிலோ என்று போடுகிறீர்கள். பிறகு காம்ஃப்ரே இலையை அறுத்துத் தக்காளிக்குப் போடுகிறீர்கள். என்ன நடந்தது? முதல் வருஷ அக்கவுண்டன்சியில் காண்ட்ரா எண்ட்ரி என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். கையிலிருக்கிற பணத்தைக் கொண்டுபோய் பேங்கில் போட்டால் கேஷ் புத்தகத்தில் இரண்டு பக்கமும் எழுதுவோம், ஆனால் நம் சொத்து ஒரு பைசா கூடாது. மாடியில் காம்ஃப்ரே வளர்ப்பது அப்படி ஒரு காண்ட்ரா எண்ட்ரி. அந்த இரண்டு கிலோவையும் நேராகத் தக்காளிக்கே போட்டிருக்கலாம். ஒரு பை மிச்சம், ஒரு சதுர அடி இடம் மிச்சம், தினம் இரண்டு சொம்பு தண்ணீர் மிச்சம், 480 ரூபாயும் மிச்சம்.

கணக்கில் புது முதல் வர வேண்டுமென்றால் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று காற்று. அகத்தி, சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, அவரை, காராமணி என்று பயறுக் குடும்பத்தில் இருக்கிற நம் செடிகள் வேர் முடிச்சில் பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்து, காற்றிலிருக்கிற தழைச்சத்தை வாங்கிக்கொள்கின்றன. வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பது மாதிரி. காம்ஃப்ரேக்கு இந்த வித்தை தெரியாது. அது பயறுக் குடும்பமே இல்லை. உண்மையில் அது தழைச்சத்துக்கு அலைகிற செடி, ஹில்ஸ் வழியில் வளர்த்தவர்களே அதற்குச் சாணமும் கோழி எருவும் தாராளமாகப் போட்டார்கள்.

இரண்டாவது வழி, மாடிக்கு வெளியே முளைத்த தழையை மாடிக்குக் கொண்டுவருவது. தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வைத்திருந்த குடும்பத்தில் யாரையாவது கேளுங்கள். நடவுக்கு முன்னால் ஆவாரை, எருக்கு, கொழிஞ்சி, பூவரசு, வேம்பு என்று வண்டி வண்டியாகத் தழை வெட்டிவந்து சேற்றில் மிதிப்பார்கள். எருக்குக்கும் புங்கத்துக்கும் ஆழ வேர் உண்டு, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், ஆடு எருக்கைக் கடிக்காது. கரையான்சாவடியில் விற்காமல் கிடக்கிற எந்தக் காலி மனையை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள், எருக்கு நின்றுகொண்டிருக்கும். அடிமண்ணிலிருந்து சத்தைத் தூக்கிவரும் செடி வேண்டுமென்றால் இதோ நிற்கிறது, இலவசமாக. பெயர்தான் இங்கிலீஷில் இல்லை.

'அதெல்லாம் சரி, காம்ஃப்ரேயில் சாம்பல்சத்து ஜாஸ்தி, அது எருக்கில் இருக்கா?' என்று ஒரு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. காம்ஃப்ரே இலையில் சாம்பல்சத்து நிறைய என்பது பொய்யில்லை. எருக்கில் குறைவு என்பதும் உண்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருகிற தழை உரப் பட்டியலில் உலர்ந்த எடைக்கு எருக்கு 2.06 சதவீதம் தழைச்சத்து, 0.31 சதவீதம்தான் சாம்பல்சத்து. ஆனால் அதே பட்டியலில் கொஞ்சம் மேலே பாருங்கள். புங்கந்தழை: தழைச்சத்து 3.31, சாம்பல்சத்து 2.39. கிளைரிசிடியா: தழைச்சத்து 2.76, சாம்பல்சத்து 4.6. நாலரை சதவீதத்துக்கு மேல் சாம்பல்சத்து வைத்துக்கொண்டு ஒரு மரம் வேலியோரம் சும்மா நிற்கிறது, நாம் வேர்த்துண்டுக்குக் கூரியர் ட்ராக் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு தில்லாலங்கடி வேலை. அந்தச் சீட்டில் காம்ஃப்ரேயையும் மாட்டுச்சாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள். காம்ஃப்ரே சாணத்தைவிடப் பல மடங்கு மேல் என்று. இலைக்குக் காய்ந்த எடையா பச்சை எடையா என்று எங்கேயும் இல்லை. புதுச்சாணத்தில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். இலையைக் காயவைத்தும் சாணத்தை ஈரத்தோடும் நிறுத்தினால் எந்த இலையும்தான் சாணத்தை ஜெயிக்கும், கறிவேப்பிலை கூட ஜெயிக்கும். ஒரு கம்பெனியின் கிராஸ் ப்ராஃபிட்டையும் இன்னொரு கம்பெனியின் நெட் ப்ராஃபிட்டையும் ஒப்பிட்டு எழுதினால் எங்கள் சார் பேப்பரைத் தூக்கி மூஞ்சியில் எறிவார்.

சாம்பல்சத்துக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது: சாம்பல். பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் விறகடுப்பில் பிரியாணி போடுகிற கடைகளுக்குப் பஞ்சமா? காலையில் போய்க் கேட்டால் ஒரு டப்பா சாம்பல் சிரித்துக்கொண்டே தருவார்கள். (பைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள், சாம்பல் காரம். கரி அடுப்புச் சாம்பலும் பிளாஸ்டிக் எரித்த சாம்பலும் வேண்டாம்.) வாழைப்பழத்தோல் இருக்கிறது. கரும்பு ஜூஸ் கடைச் சக்கை மூடாக்குக்கு அருமை, அதையும் குப்பையில்தான் கொட்டுகிறார்கள். எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது, புங்க மரங்களிலிருந்து கொட்டுகிற சருகைத் தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது. உதிர்ந்த சருகில் பச்சைத் தழை அளவுக்கு தழைச்சத்து இருக்காதுதான். மரம் இலையை அனுப்புவதற்கு முன்னால் நல்லதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும், செட்டில்மெண்ட் கொடுக்காமல் ஆளை வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனி மாதிரி. அதனால் மின்வாரிய ஆட்கள் மழைக்கு முன்னால் ஒயரில் படுகிற கிளையைக் கழித்துப் போடுவார்களே, அந்த நாளைப் பிடியுங்கள். ஒரு சாக்கு நிறைய பச்சைப் புங்கந்தழை. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகப் போய் மூடாக்கு மூடாக்கு என்று தொண்டை வறளப் பேசியது இதைத்தானே? ஊறவைத்து ஊற்றும் திரவம்தான் வேண்டுமென்றால் கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யம் இருக்கிறது. இல்லை, இந்தப் புங்கந்தழையையே பக்கெட்டில் ஊறவையுங்கள். காம்ஃப்ரே தண்ணீர் நாறுகிற அதே நாற்றம் கியாரண்டி.

வெளிநாட்டுச் செடி என்பதால் எதிர்க்கிறேன் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். நான் மேலே தூக்கிவைத்துப் பேசிய கிளைரிசிடியாவே மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அவையெல்லாம் இந்த வெயிலுக்கு ஒத்துவந்தன, இருக்கட்டும். அதுபோக இந்த ஊருக்குத் தோட்டம் ஒன்றும் புதிதில்லை. பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூ. திருக்கச்சிநம்பி இங்கே நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூ எடுத்துப்போனதாகச் சொல்வார்கள். பாக்கிங் 14 வருவதற்குத் தொள்ளாயிரம் வருஷம் முந்தி.

இப்போது சீட்டு.

அந்தச் சீட்டில் கடைசி வரி: 'இலையை நிழலில் உலர்த்தி தினமும் தேநீராகக் குடிக்க மூட்டுவலி, எலும்புத் தேய்மானம் குணமாகும். பஜ்ஜியும் போடலாம்.' அக்காவின் மாமியாருக்கு முழங்கால் வலி. 'பாட்டிக்குப் போட்டுக் கொடுக்கலாமாடா?' என்று அக்கா கேட்டார். பிரண்டையைத் துவையலாக்கி எலும்புக்கு நல்லது என்று சாப்பிடுகிற ஊர் நம்முடையது. இலை என்று கண்டால் பொரியல், கூட்டு, பஜ்ஜி என்று கை போகும். தப்பில்லை, அது நம் பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் எதைத் தொடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவும் இருக்கிறது. காம்ஃப்ரேக்கு அந்த அறிவு நம் பாட்டிகளிடம் கிடையாது. ஏனென்றால் அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

காம்ஃப்ரேயில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்று ஒரு வகை நச்சு இருக்கிறது. இலையில் இருப்பதைவிட வேரில் அதிகம், முற்றிய இலையைவிடக் கொழுந்தில் அதிகம். பஜ்ஜிக்கு நாம் பறிப்பது எது? கொழுந்து. இது நாக்கில் கசந்து எச்சரிக்காது, ஒரே நாளில் வாந்தி எடுக்கவும் வைக்காது. கல்லீரல் இதை உடைக்கப் போய் அந்த முயற்சியிலேயே கல்லீரலுக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். 2001 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் காம்ஃப்ரே கலந்த, உள்ளுக்குச் சாப்பிடுகிற பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. ஜெர்மனியில் களிம்பாக அனுமதி உண்டு, அதுவும் புண் இல்லாத தோலில் மட்டும், வருஷத்துக்குச் சில வாரங்கள் மட்டும். இருபது வருஷத்துக்கு மேலாக ஊரறிந்த விஷயம். வேர் விற்கிறவருக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அச்சடித்தார்.

'அமெரிக்காக்காரன் சொல்றதெல்லாம் நம்பணுமா' என்பவர்களுக்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1975ல் அன்றைய மத்தியப் பிரதேசத்தில், இன்றைய சத்தீஸ்கரில், சர்குஜா மாவட்டத்து ஏழை ஜனங்களுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. 67 பேர் நோயில் விழுந்தார்கள், 28 பேர் செத்துப் போனார்கள். டாக்டர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தது, அவர்கள் சாப்பிட்ட சாமையில் கிலுகிலுப்பை வகைச் செடி ஒன்றின் விதை கலந்திருந்தது. அந்த விதையில் இருந்ததும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுதான். காம்ஃப்ரேயில் இருப்பது அதன் பங்காளி, வீரியமும் அளவும் வேறு, அதனால் ஒரு கப் டீயில் யாரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் சர்குஜா மக்களும் ஒரு வேளைச் சோற்றில் விழவில்லை, தினம் தினம் சாப்பிட்டார்கள். சீட்டிலும் 'தினமும்' என்றுதான் போட்டிருக்கிறது. (பசுந்தாளுக்குப் போடுகிற சணப்பையும் கிலுகிலுப்பை இனம்தான். அதைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுகிறோம், டீ போடுவதில்லை.)

காம்ஃப்ரேக்கு நம்மூரிலேயே ஒரு சொந்தக்காரி உண்டு தெரியுமா? தேள்கொடுக்கு. குட்டை ஓரத்தில், காலி மனையில், தேளின் வால் மாதிரி சுருண்ட பூங்கொத்தோடு நிற்கும். அதிலும் இதே வகை நச்சுதான். அதை வேரோடு பிடுங்கிப் பார்சல் கட்டி 480 ரூபாய்க்கு விற்றால் நம்மை அடிப்பார்கள். சொந்தக்காரி ஃப்ளைட்டில் வந்தால் மட்டும் வரவேற்பு.

அக்காவிடம் இத்தனையும் சொன்னேன். பாட்டிக்கு டீ இல்லை என்று முடிவாயிற்று. மற்ற இரண்டு வீட்டில் ஒருவர் கேட்டுக்கொண்டார். இன்னொரு அங்கிள், 'தம்பி, இயற்கையாக முளைப்பது எதுவும் கெடுதல் செய்யாது' என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். அரளியும் இயற்கையாகத்தான் முளைக்கிறது அங்கிள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பையை வாட்டர் டேங்க் நிழலுக்கு மாற்றிவிடுங்கள், இலையை வெட்டி மூடாக்காகவோ மக்குத்தொட்டியிலோ போடுங்கள், வெட்டும்போது கையுறை போடுங்கள், இலையில் சுணை இருக்கும், அரிக்கும். வீட்டைச் சுற்றித் தரை இருக்கிறது என்று அதில் மட்டும் நடாதீர்கள். ஒரு துண்டு வேர் மண்ணில் தங்கினாலும் மறுபடி கிளம்புகிற ஜென்மம் அது, நிழலும் தண்ணீரும் கிடைக்கிற மூலையில் நட்டுவிட்டால் வெளியேற்ற முடியாது. வீட்டில் ஆடு, முயல் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். பையின் மேல் பெயிண்டால் பெரிதாக 'சாப்பிடக் கூடாது' என்று எழுதிவையுங்கள். வீட்டுக்கு வருகிற சித்தி கொழுந்தைப் பார்த்ததும் ஆசையாகக் கிள்ளிவிடுவார்.